எல்லோரும் வியந்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை: பிளேஸ் பஸ்காலின் வாழ்க்கை

கடந்த மாரியில் ஒரு வாரம் வெலிமடையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். விடாத மழை. மின்சாரம் போயிருந்த ஒரு மாலையில், அக்காவின் மகன் மெழுகுதிரி வெளிச்சத்தில் குந்தியிருந்து கொப்பியில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தான். கணினிக்குரியதைப் பேனாவால் எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் அந்தப் பாடத்தை அப்படித்தான் படிக்கிறார்கள். அவன் படிக்கும் பாடசாலையில் ஒழுங்காக இயங்கும் கணினி ஒன்றுக்கு நான்கைந்து பேர். வீட்டில் ஒன்றும் இல்லை. எனவே நிரலைக் கொப்பியில் எழுதி, அது என்ன விடை தரும் என்று மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறான்.

எட்டிப் பார்த்தேன். அவன் எடுத்துக்கொண்ட கணக்கு அவனுடைய அம்மாவின் கொழுந்து நிறை. பறித்த கிலோ எத்தனை, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தராசடியில் கழிக்கும் கிலோ எத்தனை, பெயரில் விழும் மிச்சம் எத்தனை. மிச்சம் குறித்த அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர் என்று அச்சிட வேண்டும். நிரல் எழுதப்பட்டிருந்த மொழியின் பெயர் பஸ்கால். க.பொ.த. சாதாரண தரத்துக்கான தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில், தரம் 11 இல் நம் பிள்ளைகள் படிப்பது அந்த மொழியைத்தான்.

அவனுக்கு ஒரு குறை இருந்தது. கொழும்பில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் உறவுக்கார அண்ணன் ஒருவர், இந்த மொழியை வேலையிடத்தில் தான் கண்டதே இல்லை என்று சொல்லிவிட்டாராம். உயர்தரத்துக்குப் போனால் அங்கே பைதன். அப்படியானால் நல்ல மொழி என்று எல்லோரும் சொல்லும் இதை எவருமே பாவிக்காதது ஏன், யார் இந்தப் பஸ்கால் என்று என்னிடம் கேட்டான். ஊடகக் கற்கையில் பட்டம் வாங்கிய மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. காற்றமுக்கத்தை அளக்கும் அலகுக்கும் அதே பெயர் என்பது மட்டும் நினைவில் இருந்தது. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேடத் தொடங்கியபோது, அவனுடைய முதல் கேள்விக்கான பதிலே அந்த மனிதரின் வாழ்க்கையில்தான் கிடக்கிறது என்று தெரிந்தது. போரையும் அதன் பிறகான கணக்கெடுப்புகளையும் பார்த்த நமக்கு அந்த வாழ்க்கை அவ்வளவு அந்நியமானதும் அல்ல.

பிளேஸ் பஸ்கால் 1623 ஜூன் 19 இல் பிரான்சின் கிளெர்மோன் என்ற ஊரில் பிறந்தார். அதுவும் ஒரு மலைநாடு. அணைந்துபோன எரிமலைகள் சூழ்ந்த இடம். தந்தை எத்தியென் வரி நீதிமன்றம் ஒன்றில் அதிகாரி, கணிதத்தில் ஈடுபாடு கொண்டவர். பிளேஸுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே தாய் இறந்துபோனார். மூத்தவள் ஜில்பேர்த், இளையவள் ஜாக்லின், நடுவில் நோயாளியான இந்தப் பையன். 1631 இல் தந்தை மூவரையும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். பையனை எந்தப் பாடசாலைக்கும் அனுப்பாமல் தானே படிப்பித்தார். கணிதம் மட்டும் பிறகு பார்க்கலாம் என்று புத்தகங்களை மறைத்து வைத்தாராம். பன்னிரண்டு வயதில் பையன் தரையில் கோடும் வட்டமும் கீறி, முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை இரண்டு செங்கோணங்கள் என்பதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டான் என்று ஜில்பேர்த் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். தம்பிமாரைப் பற்றி அக்காமார் எழுதும்போது கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். ஆனால் 16 வயதில் கூம்பு வெட்டுகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை அச்சில் இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது.

பிரான்ஸ் அப்போது முப்பதாண்டுப் போரில் இறங்கியிருந்தது. போருக்குக் காசு வேண்டும். அரசு வாங்கியிருந்த கடன்களுக்கு வட்டி கொடுப்பதை நிறுத்தியது. எத்தியென் தன் சொத்தின் பெரும்பகுதியை அந்த அரச கடன் பத்திரங்களில்தான் போட்டிருந்தார். 1638 இல் பணம் இழந்தவர்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தபோது அவரும் அங்கே நின்றார். சிலரைப் பிடித்துப் பஸ்தீல் சிறையில் அடைத்தார்கள். எத்தியென் பிள்ளைகளை விட்டுவிட்டு இரவோடிரவாகச் சொந்த மாகாணத்துக்குத் தப்பி ஓடினார்.

அவரை மீட்டது பதின்மூன்று வயது ஜாக்லின். முதலமைச்சர் கர்தினால் ரிஷிலியூவின் முன்னிலையில் சிறுவர் நாடகம் ஒன்று நடந்தது. அதில் நடித்த ஜாக்லின், நாடகம் முடிந்ததும் கர்தினாலிடம் போய்த் தந்தையை மன்னிக்கும்படி கெஞ்சினாள். அம்மை நோய் வந்து முகத்தில் தழும்பு விழுந்து அதிக காலம் ஆகவில்லை. கர்தினால் மனமிரங்கினார். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து கச்சேரி வாசல்வரை மனுக்களோடு அலைந்த நம் தாய்மாரையும் சகோதரிகளையும் நினைக்காமல் என்னால் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் மன்னிப்போடு ஒரு வேலையும் வந்தது.

1639 இல் நோர்மண்டியில் உப்பு வரிக்கு எதிராகக் கலகம் வெடித்தது. கடலோரத்தில் உப்புக் காய்ச்சியவர்கள் காலில் எதுவும் போடாமல் நடப்பவர்கள் என்பதால் அதை வெறுங்காலர் கலகம் என்பார்கள். ரூவான் நகரிலும் வரி அதிகாரிகளின் வீடுகள் தாக்கப்பட்டன. ரிஷிலியூ படையை அனுப்பினார். கசியோன் என்ற தளபதி கலகக்காரரை நசுக்கினார். அவருக்குப் பின்னால் 1640 ஜனவரியில் சான்சலர் பியேர் செகியே என்ற பெரிய அதிகாரி ரூவானுக்குள் வந்து, நகரின் உரிமைகளைப் பறித்து, தண்டனைகளை விதித்தார். அவரோடு கூட வந்தவர்களில் ஒருவர்தான் எத்தியென் பஸ்கால். குழம்பிப்போய்க் கிடந்த அந்த மாகாணத்தின் வரிக் கணக்கை ஒழுங்காக்கி, எந்த ஊருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதுதான் அவருடைய வேலை. நேற்று அரசுக்குத் தப்பி ஓடியவர், இன்று அதே அரசின் வரியை அடக்கப்பட்ட மக்களிடம் பிரித்துக் கேட்கும் ஆள். இப்படியான நிலைமைகள் போருக்குப் பிந்திய நாடுகளில் புதிதல்ல.

கணக்கோ முடிவில்லாதது. அக்காலப் பிரெஞ்சுப் பணத்தில் 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவ்ர். பவுண், சிலிங், பென்ஸ் என்று இலங்கையில் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்ததும் இதே விகிதம்தான்; ரூபாயும் சதமும் மட்டும் என்று ஆனது 1872 இல். நூற்றுக்கணக்கான ஊர்களின் தொகைகளை இந்த முறையில் கூட்டிக் கூட்டி எத்தியென் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தார். மகனும் உதவினார். தந்தை படும் பாட்டைக் காணச் சகிக்காமல், 1642 இல், 19 வயதில், கணக்கை ஒரு பெட்டியிடம் ஒப்படைக்க முடியாதா என்று யோசிக்கத் தொடங்கினார்.

மூன்று ஆண்டுகள் அதிலேயே போயின. ஏறத்தாழ 50 மாதிரிகளைச் செய்து பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1645 இல் உருவான பெட்டி, சப்பாத்துப் பெட்டியளவு பித்தளைப் பெட்டி. மேலே வரிசையாகச் சில்லுகள். ஒரு கோலால் சில்லைச் சுழற்றினால் மேலுள்ள சிறு யன்னலில் இலக்கம் மாறும். இதில் கெட்டித்தனமான பகுதி, ஒன்பதைத் தாண்டும்போது மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கடத்துவது. 99,999 உடன் ஒன்றைக் கூட்டினால் எல்லாச் சில்லுகளையும் முதற்சில்லே இழுக்க வேண்டும். கை பலம் போதாது, பற்கள் உடையும். அதற்குப் பஸ்கால் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு சில்லும் சுழலும்போது ஒரு சிறு நிறையை மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டு போகும். ஒன்பதிலிருந்து பூச்சியத்துக்கு மாறும் கணத்தில் அந்த நிறை தானாக விழுந்து அடுத்த சில்லை ஓர் இடம் தள்ளும். ஒவ்வொரு சில்லுக்கும் அதன் அதன் பலம். எனக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு நாள் பிடித்தது. மருமகனுக்குப் பத்து நிமிடம்.

ஆனால் நிறை விழுந்து இயங்கும் பொறி என்பதால் சில்லுகள் ஒரு பக்கமாக மட்டுமே சுழலும். கூட்டலாம்; நேரடியாகக் கழிக்க முடியாது. அதற்கு ஒரு சுற்றுவழி. அக்காவின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 38 கிலோவில் 4 கிலோ கழிவு. 38 ஐ 99 இலிருந்து எடுத்தால் 61. பெட்டியில் 61 ஐ வைத்து அதோடு 4 ஐக் கூட்டினால் 65. அந்த 65 ஐ 99 இலிருந்து எடுத்தால் 34. சரியான விடை. ஒவ்வொரு யன்னலிலும் இரண்டு வரிசை இலக்கங்களை எழுதி, ஒரு பட்டையை நகர்த்தினால் இரண்டாவது வரிசை தெரியும்படி பஸ்கால் செய்திருந்தார். எனவே 99 இலிருந்து எடுக்கும் வேலையைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். அழகான வழிதான். ஆனால் தினமும் நூறு கழித்தல் செய்கிற எழுதுவினைஞர் ஒருவர் இதை விரும்பியிருப்பாரா?

விரும்பவில்லை. பஸ்கால் பெட்டியின் பயன்பாட்டை விளக்கி ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட்டார். பாரிஸில் கணிதப் பேராசிரியர் ரொபேர்வாலின் அறையில் போய்ப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார். சனம் வந்து பார்த்தது. புகழ்ந்தது. 1649 இல் அரசரின் பெயரால் அதைச் செய்து விற்கும் தனியுரிமையும் கிடைத்தது. 1652 இல் சுவீடன் அரசி கிறிஸ்டினாவுக்கு ஒரு பெட்டியை அனுப்பி வைத்தார். ஐரோப்பா முழுவதும் பேச்சு. விற்பனை மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்கது.

காரணங்களைத் தேடுவது கடினமில்லை. பெட்டி ஒன்றின் விலை ஏறத்தாழ 100 லீவ்ர். கூலியாள் ஒருவரின் பல மாத உழைப்பு. அந்தக் காசுக்குக் கணக்கெழுத ஓர் ஆளையே நீண்ட நாள் வைத்திருக்கலாம், அந்த ஆள் கழிக்கவும் பெருக்கவும் தெரிந்தவர், பழுதானால் பாரிஸுக்கு அனுப்பத் தேவையில்லை. இரண்டாவது, அதைச் செய்யத் தெரிந்த கைவினைஞர் மிகக் குறைவு. ரூவானின் மணிக்கூட்டுக்காரர் ஒருவர் கேள்விப்பட்டதை வைத்து ஒரு பெட்டி செய்தார். வெளியே பளபளப்பு, உள்ளே ஒன்றும் ஓடாது. அதைக் கண்டு பஸ்கால் மனமுடைந்து சில காலம் வேலையையே கைவிட்டார். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை வாங்கக்கூடிய காசு யாரிடம் இருந்ததோ அவர்கள் கணக்குப் பார்ப்பவர்கள் அல்லர். கணக்குப் பார்த்துக் கண் கெட்டவர்களிடம் காசு இல்லை. பெட்டி பிரபுக்களின் வரவேற்பறைகளில் காட்சிப்பொருளானது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியைப் பஸ்கால் காணிக்கையாக்கியது சான்சலர் செகியேக்கு. ஐந்து வருடங்களுக்கு முன் ரூவானை அடக்க வந்த அதே மனிதர். இருபத்திரண்டு வயது இளைஞருக்கு ஒரு புரவலர் தேவைப்பட்டார். அதிகாரம் அவரிடம்தான் இருந்தது. ஆனால் எனக்கு அது நெஞ்சில் உறுத்தியது. என் அம்மாயி ஊவாத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சி தர்மபுரத்துக்குப் போனார்கள். அக்காவும் நானும் அங்கேதான் பிறந்தோம். 2009 இல் எல்லாவற்றையும் விட்டு நடந்து, மெனிக் பாம் முகாமில் எங்களைத் தலை எண்ணி, குடும்ப இலக்கம் தந்து, அந்த இலக்கத்துக்கு அரிசி தந்தார்கள். அக்கா 2010 இல் கலியாணம் கட்டி வெலிமடைக்குத் திரும்பி வந்து, அம்மாயி விட்டுப்போன தராசுக்கு முன்னாலேயே மறுபடி நின்றாள். எண்ணப்படுவது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரூவானின் சாயக்காரர்களுக்கும் உப்புக் காய்ச்சிகளுக்கும் அந்தப் பித்தளைப் பெட்டி எந்தப் பக்கம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இளம் பஸ்காலின் கண்ணுக்குத் தெரிந்தது அப்பாவின் களைப்பு மட்டும்தான்.

இனி மருமகனின் மொழிக்கு வருகிறேன். 1970 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நிக்கிலவுஸ் விர்த் என்ற பேராசிரியர் ஒரு நிரல்மொழியை வெளியிட்டு, முதன்முதலில் கணிப்பொறி செய்து காட்டியவர்களில் ஒருவர் என்பதற்காகப் பஸ்காலின் பெயரை அதற்கு வைத்தார். மாணவருக்கு ஒழுங்காகச் சிந்திக்கப் பழக்கும் மொழி அது. எந்தப் பெட்டிக்குள் எழுத்து, எதற்குள் இலக்கம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாற்றிப் போட்டால் அங்கேயே நிறுத்திவிடும். வாசித்தால் கிட்டத்தட்ட ஆங்கில வசனம் போல இருக்கும். பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டன. அமெரிக்க உயர்பாடசாலைகளின் கணினிப் பரீட்சை 1999 இல் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாறும்வரை பஸ்காலில்தான் நடந்தது. விர்த்துக்கு 1984 இல் கணினித்துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது கிடைத்தது.

வேலைத்தளத்தில் நிலைமை வேறு. மூல வடிவத்தில் பட்டியலின் நீளம்கூட மொழியின் சட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 10 பெயர் கொண்ட பட்டியலை ஒழுங்குபடுத்த எழுதியது 20 பெயர் கொண்ட பட்டியலுக்கு ஆகாது. மறுபடி எழுத வேண்டும். பெரிய நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலர் எழுதவும் வழியில்லை. பிரையன் கெர்னிகன் என்ற அறிஞர் 1981 இல் இந்தக் குறைகளை அடுக்கி ஒரு கட்டுரையே எழுதினார். குறைகளைத் தீர்க்க ஒவ்வொரு நிறுவனமும் தன் பாட்டுக்கு ஒன்றைச் சேர்த்தது. ஓரிடத்து நிரல் இன்னோரிடத்தில் ஓடவில்லை. அதே காலத்தில் சி என்ற மொழி யூனிக்ஸ் இயக்கமுறைமையின் முதுகில் ஏறி உலகெல்லாம் போனது. சி யாருக்கும் கைகொடுத்துச் சொல்லித் தராது, தவறு விட்டால் தடுக்காது. ஆனால் வேலை செய்பவர்கள் தங்கள் வேலைக்காகச் செய்துகொண்ட கருவி அது. பஸ்கால், மாணவருக்காக ஆசிரியர் செய்த கருவி.

இதில் ஓர் இடைக்காலத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1983 இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பஸ்கால் என்ற வடிவத்தை 50 டொலருக்குள் விற்றது. மற்றவை பல நூறு டொலர் விற்ற காலம். குறைகளையும் திருத்தியிருந்தது, சிறிய கணினியிலும் வேகமாக ஓடியது. உடனே இலட்சக்கணக்கானோர் கையில் பஸ்கால். அதன் வழிவந்த டெல்பி இன்றும் சில நிறுவனங்களில் இருக்கிறது. ஆகவே மொழியில் மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. மலிவாக, கைக்கெட்டும் தூரத்தில், தன் சொந்த வேலைக்கு ஆகும் என்று கண்டபோது ஆட்கள் எடுத்தார்கள்.

தமிழிலும் நமக்கொரு பஸ்கால் உண்டு. அமெரிக்காவில் வாழும் பொறியியலாளர் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில், பதிப்பி என்றால் அச்சிடும், முடி என்றால் முடியும். கேள்விப்படும் தமிழர் எவருக்கும் பெருமை. எத்தனை பேர் அதில் எழுதுகிறோம்? பரீட்சையில் அது இல்லை, வேலைக்கு அது வேண்டாம், எங்கள் மருமகனின் பாடசாலைக் கணினியில் அது ஏற்றப்பட்டும் இல்லை. மனம் வைத்துச் செய்தவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. பாராட்டிவிட்டு நகர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

பஸ்காலின் வாழ்க்கை பெட்டியோடு நின்றுவிடவில்லை. 1646 இல் தந்தை பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வைத்தியம் பார்க்க வந்தவர்கள் ஜான்செனிஸ்டுகள் எனப்பட்ட கடும் பக்திப் பிரிவினர். அவர்கள் மூலம் குடும்பமே அந்தப் பக்கம் சாய்ந்தது. பிளேஸ் அப்போது வெற்றிடம் பற்றியும் காற்றின் நிறை பற்றியும் ஆராய்ந்துகொண்டிருந்தார். காற்றுக்கு நிறை இருந்தால் மலையுச்சியில் அது குறைய வேண்டும். மலையேறத் தனக்கு உடம்பு இடம் கொடுக்காததால், மூத்த சகோதரியின் கணவர் புளோரன் பெரியேக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்ரெம்பர் 19 இல் அவர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு கிளெர்மோனுக்கு அருகிலுள்ள பூய் த டோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் ஏறத்தாழ மூன்று அங்குலம் இறங்கி நின்றது. காற்றமுக்க அலகுக்குப் பஸ்கால் பெயர் வந்தது இந்த வேலையால்தான். புகழ் மச்சானுக்குப் போகவில்லை. என் மச்சானிடம் இதைச் சொன்னபோது, உலகத்தில் எங்கும் இப்படித்தானா என்று சிரித்தார்.

1651 இல் தந்தை இறந்தார். அடுத்த ஜனவரியில் ஜாக்லின் போர்ட் ரோயல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். தனியே விடப்பட்ட அண்ணன் அதை விரும்பவில்லை. சொத்துப் பங்கீட்டில் மனக்கசப்பும் வந்தது. 1654 இல் சூதாட்டக்காரரின் ஒரு கேள்வியை வைத்து பெர்மா என்ற கணிதவியலாளரோடு அவர் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவுக் கணிதம் பிறந்தது. காப்புறுதி நிறுவனங்கள் இன்று நடப்பது அந்தக் கணிதத்தால்தான். அதே ஆண்டு நவம்பர் 23 இரவு அவருக்கு ஓர் ஆன்மிக அனுபவம் ஏற்பட்டது. அதை ஒரு தாளில் எழுதிச் சட்டையின் உட்துணிக்குள் தைத்து வைத்திருந்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் பிரித்துப் புதியதில் தைத்துக்கொண்டார். இறந்த பிறகுதான் அது மற்றவர் கண்ணில் பட்டது.

பத்திரிகையாளன் என்ற முறையில் எனக்கு அதன் பிறகான ஒன்றரை ஆண்டு பிடிக்கும். ஜான்செனிஸ்டுகள் மீது அரசும் திருச்சபையும் பாய்ந்தபோது, 1656 இலும் 1657 இலும் பஸ்கால் வேறு பெயரில் 18 கடிதங்களை எழுதி வெளியிட்டார். இரகசிய அச்சகங்களில் அச்சானது. பொலிஸ் அச்சகங்களைச் சோதனையிட்டது. எழுதியவர் பொய்ப் பெயரில் விடுதியில் தங்கியிருந்தார். இறையியலாளர்களின் வழக்கை அவர் சாதாரண மனிதரின் மொழியில், நகைச்சுவையோடு எழுதினார். இந்தத் தடவை சனம் வியந்துவிட்டுப் போகவில்லை. வாங்கியது, வாசித்தது, கைமாற்றியது. ரோம் அந்த நூலைத் தடைசெய்தது. பெட்டியைச் செய்தவருக்கும் கடிதங்களை எழுதியவருக்கும் இடையே பதினொரு வருடங்கள். அதற்குள் அவர் யாரோடு பேச வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

1661 இல் கன்னியர்கள் தங்கள் நம்பிக்கைக்கு எதிரான ஒரு பத்திரத்தில் ஒப்பமிட நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். ஜாக்லின் மனமில்லாமல் ஒப்பமிட்டார். அந்த ஒக்ரோபர் 4 இல், தன் 36 ஆவது பிறந்தநாளன்று இறந்துபோனார். தந்தைக்காகக் கர்தினாலிடம் கெஞ்சிய அதே பிள்ளை.

அண்ணனுக்கும் நாள் அதிகமில்லை. நோய் முற்றியிருந்த அந்தக் கடைசி ஆண்டில் அவர் செய்த வேலை பலருக்குத் தெரியாது. நகரத்துக்குள் சொந்த வண்டி வைத்திருப்பவரும் வாடகை வண்டி பிடிக்கக் காசுள்ளவரும் மட்டும்தான் வண்டியில் போகலாம் என்றிருந்த காலம். குறித்த பாதையில், குறித்த இடைவெளியில், ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் புறப்படும், யாரும் ஐந்து சோல் கொடுத்து ஏறலாம் என்ற வண்டிச் சேவையை நண்பர் ருவானே பிரபுவோடு சேர்ந்து தொடங்கினார். 1662 மார்ச் 18 இல் ஏழு வண்டிகள் முதற்பாதையில் ஓடின. உலகின் முதல் நகரப் பொதுப் போக்குவரத்து அது என்பார்கள். வெலிமடை பஸ் நிலையத்தில் பதுளை பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு இப்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

வண்டிகளுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. முதல் நாளே நிறைந்தன. இடமில்லாமல் பலர் காத்து நின்று நடந்து போனதாக ஜில்பேர்த் எழுதியிருக்கிறார். சில மாதங்களில் ஐந்து பாதைகள் ஆயின. விலை தெரிந்தது, பயன் தெரிந்தது, பாவிக்க விளக்கப் பிரசுரம் வேண்டாம், காலை எடுத்து வைத்து ஏறினால் போதும். ஆனால் பாரிஸ் உயர்நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. படைவீரரும் வேலைக்காரரும் கூலித் தொழிலாளரும் ஏறக்கூடாது. கனவான்களின் வசதி கெட்டுவிடும். யாருக்கு அது அதிகம் தேவைப்பட்டதோ அவர்களுக்கு முன்னால் கதவு அடைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் வண்டிகளும் நின்றுபோயின. பிறகு பாரிஸில் அப்படியொரு சேவை மறுபடி ஓட 1828 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சேவையின் வருமானத்தில் தன் பங்கை முற்பணமாக வாங்கி, பஞ்சத்தில் கிடந்த புளுவா பகுதி ஏழைகளுக்கு அனுப்பப் பஸ்கால் முயன்றார். பங்காளிகள் உடன்படவில்லை. தன் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தங்க வைத்திருந்தார். அவர்களின் பிள்ளைக்கு அம்மை வந்தபோது, நோயுள்ள பிள்ளையை வெளியேற்ற மனமில்லாமல், தானே வீட்டைவிட்டு ஜில்பேர்த் வீட்டுக்குப் போனார். 1662 ஓகஸ்ட் 19 இல் அங்கேயே இறந்தார். வயது 39. அவர் எழுதி வைத்த துண்டுகளைச் சேர்த்து 1670 இல் சிந்தனைகள் என்ற நூலாக வெளியிட்டார்கள். விர்த்தின் மொழி வெளிவந்தது சரியாக 300 ஆண்டுகளுக்குப் பிறகு.

கணக்குப் பெட்டிகளில் எட்டு ஒன்பது மட்டும் இன்று மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள். அதே வேலையைச் செய்யும் பொறி அலுவலகங்களுக்குள் பரவலாக நுழைந்தது 19 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், தோமா த கொல்மார் என்பவரின் பொறி வழியாக. காப்புறுதிக் கம்பனிகளும் வங்கிகளும் பெருகி, கணக்கெழுதும் ஆட்களின் சம்பளம் பொறியின் விலையோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வந்த பிறகு.

இதையெல்லாம் போன மாதம் மருமகனிடம் சொல்லி முடித்தேன். அந்த மொழியைப் படிப்பதை விடச் சொல்கிறாயா, படிக்கச் சொல்கிறாயா என்று அக்கா இடையில் கேட்டாள். படிக்கட்டும் என்றேன். பைதனில் எழுதினாலும் 38 இலிருந்து 4 ஐக் கழிக்கும் யோசனை ஒன்றுதான், பரீட்சையும் வருகிறது. அவன் அதற்குள் கொப்பியைப் புரட்டி அந்தப் பழைய நிரலை எடுத்துவிட்டான். அதில் ஒரு வரி கூடியிருந்தது. முன்பு கழிவை நேரடியாக 4 என்று எழுதியிருந்தவன், இப்போது ஒவ்வொரு நாளும் தராசடியில் கழித்தது எத்தனை என்று கேட்டு வாங்கி, மாத முடிவில் மொத்தக் கழிவைத் தனியே அச்சிடும்படி மாற்றியிருந்தான். ஓட்டிப் பார்க்கக் கணினி இல்லை. அக்கா அலுமாரிக்கு மேலிருந்து கொழுந்துத் துண்டுகளை எடுத்து வந்தாள். இருபத்திரண்டு நாள். அவள் வாசிக்க வாசிக்க, அவன் கொப்பியின் ஓரத்தில் பேனாவால் கூட்டிக்கொண்டு வந்தான்.